தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து போனவள்

ரகு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ பெர்லினிலிருந்து போனில் சொன்னதற்கு நான் "சரிடா" என்று சொல்லி வைத்துவிட்டேன். சரியே இல்லை. வைத்த பிறகு சமையலறையில் போய் நின்றேன், எதற்காக வந்தேன் என்று தெரியவில்லை. குக்கரைத் திறந்து பார்த்தேன், காலி. மறுபடி மூடிவிட்டுக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். நீ சொன்னதை வார்த்தை மாறாமல் எனக்குத் திருப்பிச் சொல்ல வரும். "அம்மா, காலைல ரிஜிஸ்டர் ஆபீஸ், மத்தியானம் லேனா வீட்டுல சாப்பாடு. ரெண்டுக்கும் நீ இருக்கணும். சாயங்காலம் நாங்க கிளப்ல வாசிக்கிறோம், அதுக்கு மட்டும் நீ வர வேண்டாம். உனக்குத் தலைவலி வந்துடும். ஹோட்டல்ல நன்னா ரெஸ்ட் எடுத்துக்கோ." எவ்வளவு பிரியமாகச் சொன்னாய்! தன் கல்யாணத்தன்று அம்மாவின் தலைவலியை ஞாபகம் வைத்துக்கொள்கிற பிள்ளை யாருக்குக் கிடைப்பான்? எனக்கு வாய்த்திருக்கிறான். ஆனால் எனக்குத் தலைவலியே கிடையாது, ரகு. அன்றைக்கும் இல்லை. இரண்டு வருடமாக இதைச் சொல்லாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

போனில் சொல்ல முடியாது. நான் பாதி சொல்வதற்குள் நீ "பரவால்லம்மா" என்று சொல்லிவிடுவாய். அந்த வார்த்தை உன் அப்பா உனக்கு விட்டுவிட்டுப் போன சொத்து. யார் காலை மிதித்தாலும் முதலில் நீ சொல்வது அதுதான். அதனால் கையால் எழுதுகிறேன். எழுதி முடித்து, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புவேன், நீ பெரிதாக்கிப் படித்துக்கொள். முப்பத்திரண்டு வருடம் கரும்பலகையில் கணக்குப் போட்ட கை இது, எழுத்து புரியாமல் போகாது. மூன்று தடவை எழுதிக் கிழித்தாயிற்று, இது நான்காவது. இடையில் "பரவால்லம்மா" போட உனக்கு இடம் கிடையாது.

தனி ஆவர்த்தனத்தைப் பற்றி உனக்கே நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், லேனாவுக்கு நீ இதை ஒருநாள் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். சபாவில் பாடகர் முக்கியமான பாட்டைப் பாடி முடித்துவிட்டு, மிருதங்கக்காரர் பக்கம் திரும்பி, 'இனி உங்களுடையது' என்பதுபோல் கையை நீட்டுவார். வயலின்காரர் வில்லை மடியில் வைப்பார். அதற்குப் பிறகு பத்து நிமிஷமோ கால் மணி நேரமோ மிருதங்கம் மட்டும்தான். மேடையில் அந்தக் கை நீண்டால் பாதி ஹாலுக்கு அது கேன்டீன் மணி. எல்லோரும் எழுந்துகொள்வார்கள். முதலில் எழுந்துகொள்கிறவள் நானாக இருப்பேன். வில் மடிக்குப் போவதற்கும் என் கைப்பை தோளுக்கு வருவதற்கும் நடுவில் ஓர் அட்சரம்கூட இருக்காது. கூட்டம் சேருவதற்கு முன்னால் போனால்தான் கீரை வடை சூடாகக் கிடைக்கும். நானும் எதிர்வீட்டு அலமேலுவும் இதில் கைதேர்ந்தவர்கள். ஆபீஸ் போகிறவர்கள் மின்சார ரயிலில் இடம் பிடிப்பதுபோல் நாங்கள் கேன்டீனில் பெஞ்சு பிடிப்போம். மிருதங்கம் அங்கே மெதுவாகக் கேட்டுக்கொண்டிருக்கும். முடித்து வைக்கிற தீர்மானத்துக்கு வருகிறார் என்று தெரிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு ஓடிவந்து, கைதட்டுவதற்குச் சரியாக உட்கார்ந்துவிடுவோம். வெட்கம் கெட்ட வழக்கம்தான். ஆனால் மயிலாப்பூரில் இதற்காக யாரும் யாரையும் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

உன் அப்பா மட்டும் எழுந்துகொள்ள மாட்டார். காலி நாற்காலிகளுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருப்பார். அவருக்கு என்று ஒரு வடையைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவருவேன். "நன்னா வாசிச்சான். நீ கேக்கலை" என்பார். "எனக்காகவும் சேர்த்து நீங்க கேட்டேளோல்லியோ" என்பேன். ஒருநாள் மட்டும் கொஞ்சம் எரிச்சலாகச் சொன்னார்: "ரெண்டு மணி நேரம் அடுத்தவாளுக்கு வாசிச்சிருக்கான். அவனுக்குன்னு இந்தப் பத்து நிமிஷம். அப்போ பார்த்து எழுந்து போறியே." அதற்கும் ஏதோ பதில் சொல்லிச் சிரிக்க வைத்தேன். என் வாய்க்கு அவர் எந்த நாளில் ஈடுகொடுத்தார்?

உன் பதினாறு வயதில் அந்த மத்தியானக் கச்சேரி நடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? டிக்கெட் இல்லாத கச்சேரி, ஹாலில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள், அதில் இரண்டு பேர் தூக்கம். பாடின பெண் உன் பக்கம் கையைக் காட்டினாள். நீ கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாய். உடனே நான்கு பேர் எழுந்தார்கள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு தனியை நான் முழுக்க உட்கார்ந்து கேட்டேன். கேட்டேன் என்றா சொல்வது? எழுந்து போனவர்களின் முதுகை முறைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு நடந்து வரும்போது, குளக்கரை திரும்புகிற இடத்தில், பெரிய புத்திசாலி மாதிரி உனக்கு யோசனை சொன்னேன். "சுருக்கமா முடிச்சுடுடா. ஜனங்களுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது." நீ மிருதங்கத்தை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டே, "நீயும் எழுந்துண்டு போறவதானேம்மா?" என்று கேட்டாய். நான் சிரித்தேன். பதினாறு வயதுப் பிள்ளை கேட்டதற்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும், சிரித்திருக்கக் கூடாது. அந்த யோசனையை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

பிறகு காலேஜில் டிரம்ஸ் பிடித்துக்கொண்டது. மிருதங்கம் உறைக்குள் போய் அலமாரி மேல் ஏறிற்று. பத்து நாள் நான் உன்னோடு சரியாகப் பேசவில்லை. "தகர டப்பா தட்டறதுக்கா எட்டு வருஷம் பாடம் சொல்லி வெச்சேன்?" என்று கேட்டேன். ராயப்பேட்டையில் ஏதோ மெக்கானிக் ஷெட்டுக்கு மேலே நண்பர்கள் எடுத்த அறையில் போய்த் தட்டிவிட்டு வருவாய். வேலைக்குப் போன பிறகும் அதே கதைதான். வாரம் முழுக்கப் பெருங்குடியில் கம்ப்யூட்டர், ஞாயிற்றுக்கிழமை டிரம்ஸ். அப்பா இருந்தவரைக்கும் நீ எங்கே வாசித்தாலும் அவர் ஒரு தடவையாவது வந்து எட்டிப் பார்த்தார். நான் வரவில்லை. அவர் போன பிறகு, மூன்று வருடம் கழித்து, நீயே என்னைக் கூப்பிட்டாய். "அம்மா, அடையாறுல ஒரு ஜாஸ் கிளப்ல இனிமே ஞாயித்துக்கிழமை எல்லாம் நாங்கதான். முதல் நாள் நீ வந்து கேக்கணும்." கேட்கணும் என்று சொல்லும்போது உன் குரல் எட்டாம் கிளாஸ் பையனின் குரலாகிவிட்டது.

நான் எப்படி வந்தேன் என்று நினைத்தால் இப்போது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. மாம்பழக் கலர் பட்டுப்புடவை, தலையில் பூ. ஜீன்ஸ் போட்ட பிள்ளைகளுக்கு நடுவில் சீமந்தத்துக்கு வந்தவள் மாதிரி மாடிப்படி ஏறினேன். வாசலில் டிக்கெட் பார்த்தவரிடம், வெளிக்கூடத்தில் ஜூஸ் விற்கிற கவுன்டர்காரரிடம், பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம், எல்லோரிடமும் "டிரம்ஸ் வாசிக்கிறது என் பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். ஏழு மணிக்கு ஆரம்பித்தீர்கள். தொடையில் தாளம் போட்டேன், நிற்கவில்லை. எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்று பிடிபடவில்லை. கணக்கு டீச்சருக்கு எண்ணத் தெரியவில்லை என்றால் எவ்வளவு அவமானம், யோசித்துப் பார். சாக்ஸபோன் ஒரு பக்கம் போகிறது, பியானோ இன்னொரு பக்கம், அந்த ஆளுயர பாஸ் வயலின் அடிவயிற்றில் முனகுகிறது. ஏசி வேறு எலும்புக்குள் இறங்குகிறது. ஜனங்கள் நடுவில் நடுவில் கைதட்டுகிறார்கள், நானும் ஒரு விநாடி தாமதமாகத் தட்டுகிறேன். நீ அடிக்கடி என்னைப் பார்த்தாய். நான் நன்றாகத் தலையாட்டினேன். எதற்கு ஆட்டுகிறேன் என்று எனக்கே தெரியாது.

ஒரு மணி நேரம் இப்படிப் போயிற்று. அப்போது சாக்ஸபோன்காரர் வாசித்து முடித்து, ஓரமாக நகர்ந்து, உன் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். பியானோக்காரி கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ரகு, அன்று மாலை அந்த ஹாலில் எனக்குப் புரிந்த முதல் விஷயம் அதுதான். புது ஊரில் வழி தெரியாமல் சுற்றினவளுக்குத் தெரிந்த பஸ் நம்பர் கண்ணில் பட்டது மாதிரி, அப்பாடா என்று இருந்தது. உடம்பு முழுக்கத் தளர்ந்தது. எழுந்தேன். பையைத் தோளில் மாட்டினேன். பக்கத்துப் பெண் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டாள். நீ முதல் அடி அடிப்பதற்குள் நான் கதவைத் தாண்டிவிட்டேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்ல ஒரு துளிகூடக் கிடையாது. பிடிக்காமல் எழுந்தேன், கோபத்தில் எழுந்தேன், சத்தம் தாங்காமல் எழுந்தேன் என்று நீ எதை நினைத்திருந்தாலும் அது இல்லை. முப்பது வருடமாக எழுந்து பழகிய கால், எழுந்துவிட்டது.

கவுன்டரில் போய் நின்று, "ஒரு காபி, சக்கரை கம்மி" என்றேன். அந்த ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காபி இல்ல ஆன்ட்டி, ஜூஸ்தான். இன்னா, உங்க புள்ளதான வாசிச்சிக்கினு கீறாரு? நீங்க இங்க வந்து நின்னுக்கினு கீறீங்க?" என்றார். அப்போதுதான் காதில் விழுந்தது. கதவுக்குப் பின்னால் நீ. ஓடினேன். கதவுப் பிடியில் கை வைத்தபோது டிக்கெட் பார்த்தவர் தடுத்தார். "சோலோ போய்க்கினு இருக்கும்போது கதவு தொறக்க மாட்டோம்மா. டிஸ்டர்ப் ஆவும். முடிஞ்சதும் வுடறேன்." என் பிள்ளை என்று கெஞ்சினேன். "அதான் சொன்னீங்களே, தெரியும்" என்றார். பாவம், நல்ல மனுஷர், அவர் வேலையை அவர் பார்த்தார். அந்தக் கனமான கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். அடுத்த வீட்டில் சுவரை இடிப்பது மாதிரிதான் கேட்டது. உள்ளே நீ என்ன வாசித்தாய் என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு கைதட்டல் கேட்டது, நிறைய நேரம் கேட்டது. கதவு திறந்து நான் உள்ளே வந்தபோது நீ அடுத்த பாட்டுக்குக் குச்சியை மாற்றிக்கொண்டிருந்தாய். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆட்டோவில் வரும்போது நீ எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன். உன்மேலும் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு, தெரிந்துகொள். ஏன் எழுந்து போனாய் என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாமே. நீ தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தாய். மந்தைவெளி சிக்னலில் நானே ஆரம்பித்தேன். "தலைவலிடா. அதான் சித்த நேரம் வெளில போய் நின்னேன்." நீ உடனே, "பரவால்லம்மா. கொஞ்சம் சத்தம் ஜாஸ்திதான்" என்றாய். வீட்டுக்கு வந்ததும் மாத்திரையும் வெந்நீரும் கொண்டுவந்து கொடுத்து, நான் விழுங்குகிறவரைக்கும் பக்கத்தில் நின்றாய். இல்லாத தலைவலிக்கு மாத்திரையை விழுங்கினேன். விளக்கை அணைத்துவிட்டுப் போனாய். உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்பாய். என்னவென்று சொல்ல? நீ உனக்காக வாசிக்க ஆரம்பித்த நேரத்தை நான் வடை தின்கிற நேரம் என்று நினைத்துவிட்டேன் என்றா? தலைவலி கௌரவமாக இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ என்னைக் கூப்பிடவில்லை, அதற்கு அடுத்த வாரமும் இல்லை. நாளாக ஆக, சொல்வதற்கு இன்னும் அசிங்கமாக ஆகிவிட்டது.

கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவனுக்கு அம்மா நான்கு புத்திமதி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. லேனாவிடம் பெரிய பொய் எதுவும் நீ சொல்ல மாட்டாய், அது எனக்குத் தெரியும். கேலிக்கு ஆளாகிவிடுவோமே என்று பயந்து சொல்கிற சின்னப் பொய் இருக்கிறதே, அதைச் சொல்லாதே. அசடு வழிந்தாலும் பரவாயில்லை, நடந்ததை அன்றைக்கே சொல்லிவிடு. அவள் சிரிப்பாள், இல்லாவிட்டால் சண்டை போடுவாள், மறுநாள் காலையில் முடிந்துபோகும். அவள் ஏதாவது தலைவலி என்று சொன்னால் மாத்திரையைக் கொடுத்துவிட்டு விளக்கை அணைக்காதே. பக்கத்தில் உட்கார்ந்து, "நிஜமாவே தலைவலியா?" என்று ஒரு தடவை கேள்.

நீ பெர்லினுக்குப் போன பிறகு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எனக்கு மிகவும் சிரமமாக இருந்தது. மற்ற நாட்களை எப்படியோ ஓட்டிவிடலாம். அலமேலு பாலவாக்கத்தில் பெண் வீட்டுக்கே போய்விட்டாள், கடற்காற்று முழங்காலுக்கு ஆகவில்லை என்று வெளியே வருவதில்லை. போன மார்கழியில் நான் ஒரு கச்சேரிக்குத் தனியாகப் போனேன். பாடகர் மிருதங்கத்தைப் பார்த்துக் கை நீட்டினார். எனக்கு உட்காரவும் முடியவில்லை, எழவும் முடியவில்லை. உன்னுடைய முகம்தான் தெரிந்தது. அதோடு சபா போவதை நிறுத்திவிட்டேன். மூன்று அறை வீட்டில் ஒரு டம்ளர் கழுவினால் அந்தச் சத்தம் வாசல்வரைக்கும் கேட்கிறது. மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீ மத்தியானம் போன் பண்ணி "சாயங்காலம் என்னம்மா பண்ணப் போறே?" என்று கேட்டபோது, "கபாலி கோயிலுக்குப் போறேன்" என்றேன். போனை வைத்துவிட்டு அடையாறுக்கு ஆட்டோ பிடித்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வாரமும் நீ கேட்கும்போதெல்லாம் கபாலி கோயில் என்றுதான் சொல்கிறேன். ஈஸ்வரன் என் கணக்கில் எத்தனை பொய்யைத்தான் பொறுத்துக்கொள்வானோ.

இப்போதெல்லாம் பருத்திப் புடவைதான், ஒரு சால்வையும் கொண்டுபோகிறேன். கவுன்டர்காரர், "வாங்க ஆன்ட்டி, லைம் ஜூஸா?" என்பார். கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்வேன். யாரும் தொந்தரவு செய்வதில்லை, யாரும் பேசுவதும் இல்லை. ஜோடி ஜோடியாக வருகிறார்கள், நான் பக்கத்து நாற்காலியில் என் பையை வைத்துக்கொள்கிறேன். நான்கைந்து வாரம் எதுவும் புரியவில்லை. பிறகு ஒருநாள் தாளம் போடுவதை விட்டுவிட்டு, முதலில் வாசித்த மெட்டை மனதுக்குள் பாடிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எட்டு எண்ணிக்கை, அதே மறுபடி எட்டு, அப்புறம் வேறு மாதிரி ஓர் எட்டு, கடைசியில் பழையது. திரும்பத் திரும்ப அதே நாலு எட்டு! யார் எவ்வளவு தூரம் சுற்றினாலும் அதற்குள்தான் சுற்றுகிறார்கள். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. உன்னிடமும் சொல்ல முடியாது, நான் கோயிலில் அல்லவா இருக்கிறேன்! உன் அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டுப் படுத்தேன்.

உன் இடத்தில் இப்போது பிரவீன் வாசிக்கிறான். அவனுடைய சோலோ வந்தால் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொள்வேன், காலை நம்ப முடியாது. மெட்டைப் பாடிக்கொண்டே கேட்பேன். இரண்டு வாரத்துக்கு முன்னால், அவன் அடிப்பதிலேயே அந்த மெட்டு கேட்டது. வெறும் தோலையும் தகட்டையும் தட்டி அந்தப் பாட்டையே அவன் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. நீயும் அன்று இதைத்தானே செய்திருப்பாய்? எனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே செய்திருப்பாய். தகர டப்பா என்று சொன்னவளுக்கு முதல் வரிசையில் இடம் போட்டு வைத்துச் செய்திருப்பாய். அன்று வாசித்ததை யாரும் பதிவு செய்யவில்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இனி எத்தனை ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் உட்கார்ந்தாலும் அது எனக்குக் கிடைக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அப்படிச் சொன்ன பிறகும் நான் அங்கே போனேன். வேறு எங்கே போவது? இடைவேளையில் பிரவீன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நான் யார் என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். "ஆன்ட்டி, ரகு அம்மாவா நீங்க? சொல்லவே இல்லையே!" என்று பையை எடுத்துத் தரையில் வைத்தான். உன்னைப் பற்றி நிறையப் பேசினான், கேட்கக் கேட்க நன்றாக இருந்தது. அப்புறம் சொன்னான்: "ஒரு வருஷம் ஒவ்வொரு ஞாயிறும் ரகு வாசிக்கிறத பின்னாடி உட்கார்ந்து பாத்துதான் நான் கத்துக்கிட்டேன். ஒரே ஒரு குறை ஆன்ட்டி. அவரு சோலோவே எடுக்க மாட்டாரு. எல்லாரும் அவரைப் பார்த்துக் கை காட்டுவாங்க, அவரு தலையாட்டிட்டு அடுத்த ஆளுக்குக் கொடுத்துடுவாரு. முதல் நாள் மட்டும் எடுத்தாராம். செம்மையா இருந்துச்சுன்னாங்க. நான் அன்னிக்கு வரல. நீங்க வந்திருந்தீங்களாமே, எப்படி ஆன்ட்டி இருந்துச்சு?"

அவனுக்கு எதுவும் தெரியாது. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். "நான் கேக்கலப்பா" என்றேன். பிறகு நடந்ததை எல்லாம் சொன்னேன். உன்னிடம் சொல்ல வேண்டியதை முதலில் அவனிடம்தான் சொன்னேன், மன்னித்துக்கொள். கேன்டீன் என்றதும் குபீரென்று சிரித்துவிட்டான். பிறகு அவனுக்கே ஏதோ உறைத்து நிறுத்திவிட்டான். கொஞ்ச நேரம் குச்சியை உருட்டிக்கொண்டிருந்தான். "மேடையில லைட் போட்டுட்டா வாசிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது ஆன்ட்டி. முதல் வரிசை மட்டும்தான் தெரியும்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. அதற்குள் அவனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ரகு, அந்த ஒரு மாலையைக் கெடுத்துவிட்டேன் என்றுதான் இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கே வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். உன் வாசிப்பிலிருந்து ஒரு பாகத்தையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன் என்று எனக்குத் தெரியாது. நீ எடுக்க வேண்டாம் என்று முடிவு பண்ணியிருக்கலாம், அதற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லாமலும் இருக்கலாம். அப்படி இருந்தால் ரொம்ப சந்தோஷம், கிழவி பெரிதாக நினைத்துக்கொண்டாள் என்று லேனாவோடு சேர்ந்து சிரி. ஆனால் நான் உன்னைப் பெற்றவள். சத்தம் ஜாஸ்தி என்று நீயே சொல்லிக்கொண்டு, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் யாருக்கும் தலைவலி வராமல் வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறாய். நான் தோசை வார்த்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்தச் சாயங்காலம் நான் ஹோட்டலில் இருக்க மாட்டேன். கிளப்புக்கு வருவேன். நீ கூப்பிடாவிட்டாலும் வருவேன், லேனாவின் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்வேன். அவளுக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவள் பாஷை தெரியாது, கையைக் காலை ஆட்டிச் சமாளித்துக்கொள்வோம். முதல் வரிசையில் நடுவில் எனக்கு ஒரு நாற்காலி போடு. ஒரு பக்கம் அவள் அம்மா, இன்னொரு பக்கம் அவள் அப்பா. எழுந்து போவதானால் சம்பந்தியின் மடியைத் தாண்டிக்கொண்டுதான் போக வேண்டும். என் கால் எவ்வளவு வெட்கம் கெட்டதானாலும் அந்தத் துணிச்சல் அதற்குக் கிடையாது.

என்மேல் கோபம் வந்தால் கோபப்படு. இரண்டு வருடத்துக் கோபத்தையும் சேர்த்துக் காட்டு, போன் பண்ணிக் கத்து, நான் கேட்டுக்கொள்கிறேன். அதெல்லாம் முடிந்த பிறகு, அன்று சாயங்காலம் அவர்கள் உன் பக்கம் திரும்பிக் கை காட்டும்போது, தலையாட்டி அடுத்தவருக்குக் கொடுத்துவிடாதே. எடுத்துக்கொள். எனக்கு வயது எழுபது ஆகப் போகிறது, நீ பிறந்ததிலிருந்து உன் பக்கத்திலேயே இருந்திருக்கிறேன். இன்னும் ஒரு தடவைகூட உன்னை நான் கேட்டதில்லை.

அம்மா